சைல்டிஷா, சைல்ட்லைக்கா?

ஆங்கிலத்தில் பாராட்டுரை எழுதும்போது நாம் விழிப்பாயிருக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. ஓய்வுபெறும் அருட்சகோதரி ஒருவரின் கள்ளமற்ற சிரிப்பைப் புகழ எண்ணி, ‘சைல்டிஷ் ஸ்மைல்’ என்று எழுதிவிட்டால் புகழ்ச்சி ஏளனமாகிவிடும். அங்கே வரவேண்டிய சொல் ‘சைல்ட்லைக்’.

இரண்டும் ‘சைல்ட்’ என்னும் பெயரிலிருந்து பிறந்த பெயரடைகளே. ஆயினும் வளர்ந்தவரைக் குறித்துச் சொல்லும்போது, சைல்டிஷ் என்பது வயதுக்கு ஒவ்வாத சிணுங்கலையும் பிடிவாதத்தையும் சுட்டும். சைல்ட்லைக் என்பது சூதறியாமை, நம்பிக்கை, வியப்பு ஆகியவற்றைச் சுட்டும். தமிழில் நமக்கு இக்குழப்பமே இல்லை. ‘சிறுபிள்ளைத்தனம்’ என்று கண்டிக்கிறோம். ‘குழந்தை உள்ளம்’ என்று போற்றுகிறோம். அதற்காக ‘இஷ்’ விகுதி எங்குமே இழிவு தரும் என்று எண்ணிவிடலாகாது. செல்ஃபிஷ், ஃபூலிஷ் என்பவற்றில் குறை தொனிக்கிறது. ஐரிஷ், ஸ்பானிஷ் என்பவற்றில் அப்படி ஒன்றுமில்லை. ரெட்டிஷ் என்றால் வெறும் செந்நிறச் சாயல்தான்.

இவ்விரு சொற்களையும் ஒரே வாழ்வில் காண விரும்பினால், லிசியே நகர்ப் புனித தெரேசாவைப் பார்க்கலாம். நான்கரை வயதில் தாயை இழந்தபின் அவர் தொட்டதற்கெல்லாம் அழுபவரானார். அழுதுவிட்டோமே என்றும் அழுவாராம். இது சைல்டிஷ். 1886ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு அவருக்கு வயது பதின்மூன்று. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, பிரான்சு நாட்டுச் சிறுவர் வழக்கப்படி, கணப்படுப்பருகே அவருடைய காலணிகளில் பரிசுகள் காத்திருந்தன. களைப்புற்றிருந்த தந்தை, நல்லவேளையாக இதுவே கடைசி ஆண்டு என்னும் பொருள்படக் கூறியது, மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் விழுந்தது. கண்ணீர் முட்டியது. உடனே கீழே போகவேண்டாம் என்று அக்காள் செலின் தடுத்தும், அழுகையை அடக்கிக்கொண்டு இறங்கிவந்து, மலர்ந்த முகத்தோடு ஒவ்வொரு பரிசாக எடுத்தார். தந்தையும் சிரித்தார்.

அன்றோடு அந்த அழுகுணிக் குணம் அகன்றது. பதினைந்து வயதில் கார்மேல் மடம் புகுந்து, 1897இல் 24ஆம் வயதில் மறைந்த அவர் காட்டிய ‘சிறு வழி’யோ, தந்தையின் கையை நம்பும் பிள்ளைபோல் இறைவனை நம்புவது. இது சைல்ட்லைக். சைல்டிஷ் குணத்தை உதறியவரே இவ்வழியைக் கற்பித்தார் என்பது கவனிக்கத்தக்கது. திருச்சபை 1997இல் அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

ஒரு விலக்கும் உண்டு. உண்மையான குழந்தையைப் பற்றிப் பேசுகையில் சைல்டிஷ் என்பது எப்போதும் குறையாகாது. ஒன்றாம் வகுப்புத் தங்கையின் எழுத்தைச் ‘சைல்டிஷ் ஹேண்ட்ரைட்டிங்’ எனலாம். பத்தாம் வகுப்பு அக்காளின் எழுத்தை அப்படிச் சொன்னால் வீட்டில் சண்டைதான்!