குடிநோயிலிருந்து மீள்வோரும் பஞ்சாயத்தின் கடமையும்

கிணறு தூர்ந்தால் தூர் எடுக்கிறோம். ஏரிக்கரை உடைந்தால் ஊரே திரண்டு மண் கொட்டி அடைக்கிறோம். ஆனால், நன்கு உழைத்துவந்த ஒருவர் குடியினால் நிலைகுலைந்தால் மட்டும், “அது அவர் வீட்டு விவகாரம்” என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இது முறைதானா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருமழிசையை அடுத்த சிற்றூர் ஒன்றில் கூட்டம் நடந்தது. உழவர் ஒருவர் குடித்துவிட்டு அதற்கு வந்தார். பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து வெளியே அனுப்பினேன். கூடியிருந்தோர் கை தட்டினர். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. விதை மானியம் கேட்கக்கூட அலுவலகப் படியேறவில்லை. குடி மட்டும் நிற்கவில்லை. என் சொல் அவரது பழக்கத்தைத் துரத்தவில்லை, அவரைத்தான் துரத்தியது.

வெட்கம் இந்நோயை மறைக்கும் திரை. சீக்கிய சமூகத்தின் அனுபவம் இதற்குச் சான்று. சீக்கிய நெறி போதைப் பொருள்களை விலக்குகிறது. ஆயினும், 2018-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பிரிட்டனில் வாழும் சீக்கியரிடையே எடுப்பித்த கருத்தாய்வில், தம் குடும்பத்தில் குடியினால் தொல்லையுற்றவர் உண்டு என்று 100-க்கு 27 பேர் கூறினர். விலக்கப்பட்ட ஒன்று என்பதாலேயே அதனை வெளியே சொல்லப் பலர் அஞ்சினர். இந்நிலையில் ஜஸ் ராய் என்னும் சீக்கியப் பெருமகனார், ‘சிக் ரிக்கவரி நெட்வொர்க்’ என்ற அமைப்பை அங்கே தோற்றுவித்து, மீள விரும்புவோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் துணை நின்று வருகிறார். தம் மொழியும் வழக்கமும் அறிந்த ஒருவரிடம் மனம் திறப்பது எவர்க்கும் எளிதன்றோ?

சீக்கிய மரபில் சங்கத், லங்கர், சேவை என மூன்று உண்டு. கூடியிருக்கும் சபை சங்கத். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னாமல் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது லங்கர். கைம்மாறு கருதாத தொண்டு சேவை. சென்னை தியாகராய நகர் குருத்வாராவிலும் இவற்றைக் காணலாம். குடியிலிருந்து மீள்பவருக்கு வேண்டுவனவும் இவையே: சேர்ந்திருக்க நல்ல கூட்டம், உடன் உண்ண ஒரு வரிசை, செய்ய ஒரு வேலை. இம்மூன்றையும் எந்த ஊரும் தர இயலும்.

நம் நாட்டிலேயே இவ்வழியில் நடந்தவர் உண்டு. குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-ஆம் ஆண்டில் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்துக்கு வர இயலாத ஏழைகளுக்காக, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் சிகிச்சை முகாம்கள் நடத்தப்பட்டன. ஊராரின் ஒத்துழைப்பே அம்முகாம்களுக்கு அடிப்படை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பஞ்சாயத்து உறுப்பினர் அறிந்திருக்க வேண்டியவை வருமாறு:

1. குடிநோய் ஒரு நோய். ஒழுக்கக்கேடு என்று மட்டும் கொள்ளலாகாது. பலர் முன் பழித்தல், அபராதம் விதித்தல், ஊர்விலக்கம் ஆகியவை பயன் தரா. தனியே அழைத்துப் பேசுக. அதுவும் அவர் குடிக்காத வேளையில்.

2. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. கோயிலில் காப்புக் கட்டிக்கொள்வதும் மாலை அணிவதும் மன உறுதிக்கு நல்லவையே. ஆயினும் முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதையடுத்து நடுக்கம், பிதற்றல், இல்லாதது இருப்பதாகத் தோன்றுதல் முதலியனவும் வரக்கூடும். உயிர்போதலும் உண்டு. அறையில் பூட்டிவைக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்க. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம்.

3. நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலக்கும் மருந்துகளை நம்பற்க. அம்மருந்து உள்ளே இருக்கையில் அவர் மது அருந்தினால் உயிருக்கே தீங்கு நேரலாம்.

4. மனைவி மக்களை மறவற்க. அவ்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா, அடுப்பு எரிகின்றதா என்று பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியே.

5. திரும்பி வந்தவருக்கு வேலை கொடுக்க. அறுவடையிலோ தொழிற்பேட்டையிலோ கூலி வாங்கும் மாலை நேரமே அவருக்குச் சோதனை வேளை. அன்று உடன் நடந்து வீடு சேர்க்கும் நண்பர் ஒருவரை ஏற்பாடு செய்க. திருமணத்திலும் திருவிழாவிலும், “இன்று ஒருநாள் மட்டும்” என்று எவரும் வற்புறுத்தாதபடி காக்க.

6. மறுபடி தவறினால் கைவிடற்க. ஒருமுறை உடைந்த கரையை மறுமழைக்குப் பின்னும் பார்க்கத்தானே வேண்டும்?

மேற்சொன்ன உழவரின் வீட்டுக்குச் சென்ற ஆண்டு நானே சென்றேன். அன்று கூட்டத்தில் பேசியதற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கூட வருவீங்களா ஐயா?” என்று கேட்டார். அந்த வார்டு உறுப்பினரும் நானும் அவருடன் மருத்துவமனைக்குச் சென்றோம். நடுவில் ஒருமுறை தவறினார். மறுபடி அழைத்துச் சென்றோம். இவ்வாண்டு அவரே முன்னின்று வாய்க்கால் வெட்டினார்.

புதரில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தையை, பிரம்பறுக்க வந்த திருவாளன் என்னும் எளியவர் எடுத்து வளர்த்தார் என்றும், அக்குழந்தையே திருமழிசை ஆழ்வார் ஆயினார் என்றும் நம் முன்னோர் சொல்லிவருகின்றனர். கிடந்தவரை எடுத்தவர் வாழ்ந்த ஊர் இது. அப்பெருமையைக் காப்பது நம் ஒவ்வொருவர் கடமையாகும்.