இரண்டாம் அடி, நான்காம் சீர்

அன்புள்ள தம்பிக்கு,

‘கதவின்றி நின்றதோர் வீடு’ என்ற ஈற்றடிக்கு நீ எழுதி நம் வெண்பாக் குழுவில் போட்ட வெண்பாவைப் படித்தேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காக அதை இங்கே ஒருமுறை தருகிறேன்.

தேக்குக் கதவைத் தெருவில் விலைபேச
ஆக்கிய பாட்டன் அழமறந்தான் – ஏக்கம்
ததும்பும் விழிகளைத் தாழ்த்தினான், காற்றில்
கதவின்றி நின்றதோர் வீடு.

தளை, மோனை, எதுகை எதையும் நான் தொடப்போவதில்லை. அதெல்லாம் உனக்குக் கைவந்துவிட்டது. நான் பேச வந்தது ஒரே ஒரு சீரைப் பற்றி. அந்த ‘ஏக்கம்’ எனக்குப் பொறுக்கவில்லை.

‘அழமறந்தான்’ என்று எழுதினாயே, தம்பி, அந்த ஒரு சீருக்காக உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். தான் இழைத்த கதவுக்குத் தன் கண்ணெதிரே தெருவில் விலை பேசுகிறார்கள். தச்சன் அழவில்லை, அழுகையை அடக்கவும் இல்லை. அவனுக்கு அது மறந்தே போய்விட்டது. இந்தச் சொல்லை எட்டிப்பிடிக்கப் பலருக்கு ஆயுள் போதாது. குழுவில் மூத்தவர்கள் என்று பெயரெடுத்த எங்களில் ஒருவருக்கும் இந்த ஈற்றடியில் இப்படி ஒரு சீர் அமையவில்லை. இதைச் சபையறியச் சொல்கிறேன்.

அப்படி எழுதிய கை அடுத்த சீரிலேயே ‘ஏக்கம்’ என்று எப்படி எழுதியது? அழ மறந்தவனின் விழி எதனால் ததும்பும்? மூன்றே சீரில் கட்டியதை ஒரு சீரில் இடித்துவிட்டாயே. மூன்றாம் அடி முழுவதும் அந்த இடிபாட்டைச் சுமந்துகொண்டு நடக்கிறது.

அது எப்படி உள்ளே வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் அடியில் தேக்கு, இரண்டாம் அடியில் ஆக்கிய. அந்த அடியின் நான்காம் சீரான தனிச்சொல்லுக்கும் அதே எதுகை வேண்டும். தேடத் தொடங்கியதும் முதல் ஆளாக வந்து நிற்பது ஏக்கம்தான். வெண்பா எழுதுகிற எல்லோர் வாசலிலும் இப்படிச் சில சொற்கள் காத்துக் கிடக்கின்றன. ‘கண்’ என்று தொடங்கினால் ‘எண்ணி’ வரும். ‘நெஞ்சு’ என்றால் ‘கொஞ்சம்’ வரும். ‘அன்று’ என்றால் ‘நன்று’ வராமல் போகாது. கூப்பிடாமலே வருகிற சொல்லை உட்கார வைத்தால் உன் வெண்பாவை அது எழுதிவிடும்.

தனிச்சொல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு என்று குழுவில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். நேரிசை வெண்பாவின் கீல் அது. ஒன்றேமுக்கால் அடி ஒரு பக்கம், மீதி இரண்டடி மறுபக்கம். கீல் துருப்பிடித்தால் கதவு திறக்காது. வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு நிற்பதும் அங்கேதான். கேட்கிறவன் அடுத்து என்ன என்று காது கொடுக்கிற அந்த நேரத்தில் அவன் கையில் ஒரு பொருளைக் கொடு, ஒரு வினையைக் கொடு. உணர்ச்சியின் பெயரை மட்டும் கொடுக்காதே.

அந்த எதுகையில் உனக்குச் சொல்லா இல்லை? நாக்கு, மூக்கு, சாக்கு, தூக்கி. ஒருவர் வெண்பாவில் இன்னொருவர் கைவைப்பது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் வழிகாட்ட மட்டும் இதைச் சொல்கிறேன்.

ஆக்கிய பாட்டன் அழமறந்தான் – தூக்கி
அதையவர் ஏற்ற அகன்றது வண்டி
கதவின்றி நின்றதோர் வீடு.

‘அதையவர்’ நெருடுகிறது, நீயே சரிசெய்துகொள். வண்டியை லாரி ஆக்கினாலும் தளை கெடாது. நான் காட்ட வந்தது இதைத்தான்: ‘தூக்கி’ என்றதும் கதவு நகர்ந்துவிடுகிறது. பாட்டன் அழாமலே நிற்கிறான். மற்றதைப் படிக்கிறவன் பார்த்துக்கொள்வான்.

நீ காரைக்குடிக்காரன். முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் சன்னலும் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன். பர்மாத் தேக்கின் எடை உனக்குத் தெரியும். நிலையில் செதுக்கிய கஜலட்சுமியின் மேல் தூசி படிந்திருப்பதையும், வாங்க வந்தவர் விரல் முட்டியால் மரத்தைத் தட்டிப் பார்ப்பதையும் கண்டிருப்பாய். இத்தனையும் கையில் இருக்கும்போது அகராதியில் போய் ஏக்கத்தை ஏன் கடன் வாங்க வேண்டும்?

இதைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். ஊர் வாசகசாலை மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். எழுதி வந்ததை இரண்டு தடவை படிக்கச் சொல்வார். சீர் பிரித்து ஒருமுறை, பேசுகிற மாதிரி பொருள் பிரித்து ஒருமுறை. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் போனால் தலையை மட்டும் அசைப்பார். அங்கே யாரையும் திட்டியதில்லை, புகழ்ந்ததும் இல்லை. கூட்டம் கலைந்து நாலைந்து நாள் கழித்து 15 காசுக் கார்டு ஒன்று வரும். நலம் விசாரிப்பு இருக்காது. ‘இரண்டாம் அடி, நான்காம் சீர்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். என்ன குற்றம், எப்படித் திருத்துவது, ஒன்றும் இருக்காது. எடுத்துப் பார்த்தால் தனிச்சொல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஓர் அடியில் ஒரு சீரைப் பற்றி யோசிக்க அடுத்த மாதம் வரை நேரம் இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு, பேருந்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சீரை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பேன். சில கார்டுகளில் ‘மூன்றாம் அடி, முதற்சீர். நன்று’ என்று இருக்கும். அந்த ‘நன்று’ வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உன் வெண்பா குழுவில் விழுந்து பால் காய்கிற நேரம்கூட ஆகவில்லை. ‘அருமை’, ‘மிகச் சிறப்பு’, ‘செம தம்பி’, கைகூப்பு, பூங்கொத்து. ஏக்கத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அழமறந்தானையும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதிகம் வலித்தது இரண்டாவதுதான். குறையைச் சொல்லத் தயங்குவது மனித இயல்பு. நல்ல சீரைக்கூடப் பெயர் சொல்லிப் பாராட்ட முடியவில்லை என்றால் படிக்கவில்லை என்றுதானே பொருள்? அதன் கீழே நீ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ‘நன்றி ஐயா’, ‘நன்றி அம்மா, தங்கள் ஆசி’ என்று எழுதிய எழுத்துகளைக் கூட்டினால் இன்னும் சில வெண்பா தேறும்.

நீயும் அதையேதான் மற்றவர்களுக்குச் செய்கிறாய். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சென்ற வாரம் ஒரு பெண், பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். நல்ல பொருள், நம் யாப்பில் அதிகம் வராத பொருள். அதில் ‘மருத்துவமனை’ என்ற சொல்லை ‘மருத்து வமனை’ என்று இரண்டு சீராக உடைத்திருந்தாள். புளிமா முன் நிரை, தளை சரி. அவலோகிதம் மென்பொருளில் இட்டுப் பார்த்தால் தளை தட்டவில்லை என்றுதான் சொல்லும். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் ‘வமனை’ என்று ஒரு சொல் தமிழில் உண்டா? வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறி விழுகிறது. இந்த வகையுளி உன் கண்ணில் படாமல் போயிருக்காது. யாப்பருங்கலக் காரிகையை உரையோடு படித்தவன் நீ. அப்படியிருந்தும் ‘அருமை சகோதரி’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். அவள் இனி எத்தனை மருத்துவமனைகளை உடைப்பாளோ!

சொல்லை உடைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நாகர்கோவில் இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிய மகான் அவர். முஸ்லிமான அவரை மடக்குவதற்காக, முஸ்லிம்களைக் குறிக்க அந்நாளில் வழங்கிய ஒரு பெயரையும் ராமனையும் சேர்த்து ஓர் ஈற்றடி கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். பாவலர் முந்தைய அடியின் முடிவில் ஓர் அசையைக் கொண்டுவந்து ஒட்டினார். அந்தப் பெயர் ராமனின் கடைசித் தம்பி பெயராகிவிட்டது. பொறி வைத்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். அங்கேயும் சொல் இரண்டாகத்தான் உடைந்தது, ஆனால் அந்த உடைப்பில் பொருள் பிறந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையை நீ சொல்லியிருந்தால் அவளுக்கு வகையுளி ஆயுளுக்கும் மறந்திருக்காது. மனமும் நொந்திருக்காது.

நம் மரபில் கேட்பவனுக்கும் பொறுப்பு இருந்தது. தொல்காப்பியப் பாயிரத்தை எடுத்துப் பார். நூல் எழுதியவர் பெயரோடு அதைக் கேட்ட அதங்கோட்டாசான் பெயரும் இருக்கிறது. இந்த நூலைக் கேட்க வேண்டாம் என்று அகத்தியர் அவரைத் தடுத்ததாகவும், கேட்டுக் குற்றம் சொல்கிறேன் என்று அவர் உட்கார்ந்ததாகவும், ஒவ்வொரு குற்றத்துக்கும் தொல்காப்பியர் விடை சொன்னதாகவும் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். நூல் அரங்கேறிய பாண்டியன் அவையில் தலையாட்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நமக்குத் தெரிவது குற்றம் தேடியவர் பெயர்தான்.

‘அந்தக் காலத்திலும் சாற்றுகவி இருந்ததே, ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளவில்லையா’ என்று நீ கேட்கலாம். இருந்தது. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களைப் புரட்டினால் நூலுக்குள் நுழையும் முன் பக்கம் பக்கமாகச் சாற்றுகவிதான். அவற்றில் பாதிக்கு மேல் வெறும் உபசாரம் என்பதும் உண்மை. ஆனால் உபசாரத்தைக்கூட விருத்தத்திலோ வெண்பாவிலோ எழுத வேண்டியிருந்தது. புகழ்வதற்கும் வியர்வை சிந்தினார்கள். இப்போது கட்டைவிரலை ஒருமுறை வைத்தால் போதும். மாதக் கடைசியில் புகைப்படம் ஒட்டிய மின்சான்றிதழும் ‘கவி’ என்று தொடங்குகிற ஒரு பட்டமும் வந்துவிடுகின்றன. உனக்கும் ஒன்று தந்தார்கள், பார்த்தேன். தம்பி, அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாதே. இருபத்து மூன்று வயதில் பட்டம் சுமக்கிறவனிடம் ‘இரண்டாம் அடி, நான்காம் சீர்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஜப்பானில் ஹைக்கூ எழுதுகிறவர்கள் ‘குகாய்’ என்று ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். நம் குழு ஒவ்வொன்றுக்கும் அதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வந்தவர்கள் தங்கள் கவிதைகளைச் சிறு சிறு சீட்டுகளில், பெயர் போடாமல், எழுதிக் கொடுப்பார்கள். சீட்டுகளைக் கலந்து ஆளுக்குச் சிலவாகப் பிரித்துத் தருவார்கள். கையெழுத்தை வைத்து இன்னார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுப்பார். அந்தத் தாள்கள் சுற்றிவரும். எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்ததை உரக்கப் படித்த பிறகுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். குருவின் கவிதையை யாரும் தேர்ந்தெடுக்காமல் போகலாம், புதிதாக வந்த பையனுடையதைக் குருவே தேர்ந்தெடுக்கலாம். ஹைக்கூவுக்குப் புத்துயிர் கொடுத்த மசவோகா ஷிகி, முதுகெலும்புக் காசநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் தோக்கியோ நெகிஷியில் இருந்த தன் வீட்டில் இந்தக் கூட்டத்தை நடத்தினார். 1902இல் முப்பத்தைந்து வயது நிறையும் முன்பே போய்விட்டார்.

கைபேசியில் இதைச் செய்வது ஜப்பான்காரர்களுக்கு ஆனதைவிட எளிது. கையெழுத்துத் தொல்லையே இல்லை. எல்லோரும் ஒருவருக்குத் தனியாக அனுப்ப வேண்டியது, அவர் பெயர்களை நீக்கி எண் போட்டுக் குழுவில் இட வேண்டியது. மூன்று நாள் கழித்துப் பெயர் சொன்னால் போதும். அதுவரை ‘அருமை’ என்ற சொல்லுக்குக் குழுவில் இடம் கிடையாது. எந்த அடி, எந்தச் சீர், அங்கே என்ன நேர்ந்தது என்று எழுதுகிறவர் மட்டும் எழுதலாம். நிர்வாகிகளிடம் கேட்டேன், மூத்தவர்கள் மனம் கோணும் என்று தயங்குகிறார்கள். மூத்தவள் நானே கேட்கும்போது யார் மனம் கோணப்போகிறது? நீயும் உன் வயதுக்காரர்களும் சேர்ந்து கேளுங்கள். நடந்துவிடும்.

நீ என்னை ‘அம்மா’ என்றுதான் விளிக்கிறாய். அந்த உரிமையில் இரண்டு காரியம் கேட்கிறேன். முதலாவது, அந்தப் பெண்ணுக்கு இன்றே எழுது, தனியாகவே எழுது. ‘மருத்து வமனை’யைச் சொல்வதற்கு முன்னால், வார்டு வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளைப் பற்றி அவள் எழுதியிருக்கிற அடியைச் சொல். எனக்குப் பிடித்தது அது. உனக்கு வேறு பிடித்திருந்தால் அதைச் சொல்.

இரண்டாவது, உனக்கு ஓர் ஈற்றடி தருகிறேன். ‘ஆடும் கடைமேசைக் கால்.’ டீக்கடை மேசைதான், வேறு உட்பொருள் தேட வேண்டாம். ‘ஆடும்’ என்று பார்த்தவுடன் ‘வாடும்’ வந்து நிற்கும், அதை உள்ளே விடாதே. எழுதியதைக் குழுவில் போடாமல் எனக்கு அனுப்பு, கார்டாக இருந்தால் சந்தோஷம். பதில் வர நாலைந்து நாள் ஆகும்.

அன்புடன்,
அம்மா