மால்வோலியோவும் நமது நகைப்பும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியனார், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்பாற் பிறக்கும் என்றார். அந்நான்கனுள்ளும் எள்ளலே முன்னிற்கின்றது. ஒருவன் தாழ்வுறக் கண்டு நகைத்தல் யாவர்க்கும் எளிது. இளைஞர்க்கோ மிக எளிது. அந்நகைப்பு எவ்வெல்லைவரை தகும் என்பதை, ஷேக்ஸ்பியர் இயற்றிய 'பன்னிரண்டாம் இரவு' என்னும் இன்பியல் நாடகத்தைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஒலிவியா என்னும் செல்வச் சீமாட்டியின் இல்லத்துக் காரியஸ்தன் மால்வோலியோ. அவன் கடமையில் வழுவாதவன். ஆயினும் தன்னையே வியந்துகொள்ளும் செருக்கினன். பிறர் ஆடிப்பாடி மகிழ்தலைப் பொறாதவன். நள்ளிரவிற் குடித்துக் கூச்சலிட்ட சர் டோபி முதலியோரை அவன் கடிந்துகொள்ள, அவர்கள் பழிவாங்கத் துணிகின்றனர். பணிப்பெண் மரியா, தலைவியின் கையெழுத்தைப்போலவே ஒரு காதற் கடிதம் வரைந்து, அவன் நடக்கும் வழியில் இடுகின்றாள். அதனை மெய்யென நம்பிய அவன், கடிதம் பணித்தவாறே மஞ்சட் காலுறை அணிந்து, அதன்மேற் பட்டைகளைக் குறுக்கே வரிந்து கட்டி, ஓயாது புன்னகை பூத்தவண்ணம் தலைவிமுன் தோன்றுகின்றான். அவனுக்குப் பித்தேறிற்று என்று கூறி இருட்டறையில் அடைத்துவிடுகின்றனர். விதூஷகனாகிய பெஸ்டி, குருவானவராக நடித்து வந்து, தெளிந்த அறிவினனைப் பித்தன் என்றே சாதிக்கின்றான்.

இங்கே கவிஞர் அமைத்த உத்தியொன்று உற்று நோக்கற்பாலது. கடிதத்தைப் படிக்குங்கால் மால்வோலியோ தான் தனித்திருப்பதாகவே எண்ணுகின்றான். டோபியும் அவன் தோழர் இருவரும் செடிமறைவில் ஒளிந்து நிற்கின்றனர். அவையோராகிய நாமோ இரு திறத்தாரையும் ஒருங்கே காண்கின்றோம். அவன் அறியாததை அறிந்து நகைக்கின்றோம். எனவே, செடிமறைவில் நிற்போர் அம்மூவர் மட்டும் அல்லர். நாமும் அவருடன் நிற்கின்றோம் என்க.

இந்நாடகம் 1602-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, இலண்டன் மாநகரில் மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தின் பெருமண்டபத்தில் நடிக்கப்பெற்றது. அங்கே பயின்ற ஜான் மானிங்ஹாம் என்னும் சட்ட மாணவர் அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கள்ளக் கடிதம், புன்னகை, உடை, பித்தனென்று கூறி ஏய்த்தல் ஆகியவற்றை நினைவிற்கொண்டு, காரியஸ்தனை வீழ்த்திய சூழ்ச்சி நன்றெனப் பாராட்டிய அம்மாணவர், அடைபட்டவன் பட்ட துயரைப்பற்றி ஒரு சொல்லும் எழுதினாரல்லர். இஃது அவர் ஒருவர் இயல்பு அன்று, அவையின் இயல்பு.

ஆயினும் அனைவரும் அங்ஙனமே கண்டாரென்று கூறவியலாது. ராபர்ட் பென்ஸ்லி என்னும் நடிகர் மால்வோலியோவாக நடித்ததைப்பற்றிச் சார்லஸ் லாம் எழுதிய கட்டுரை, 1823-ல் வெளிவந்த அவர்தம் நூலில் இடம்பெற்றுள்ளது. அக்காரியஸ்தன் இயல்பிலே நகைக்கத்தக்கவன் அல்லன் என்றும், அவன் வீழ்ச்சியில் ஒருவகை அவலமும் உண்டென்றும் லாம் கருதினார்.

நம் காலத்தில் இவ்வுண்மையை இளைஞரிடமே நேரிற் கொண்டுசென்றவர் டிம் கிரௌச் என்னும் ஆங்கில நடிகர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஓரத்தில் நிற்கும் மாந்தர் தம் கதையைத் தாமே கூறுவதாக, காலிபன், பாங்கோ முதலியோரைப்பற்றி இளைஞர்க்கென அவர் நாடகங்கள் எழுதினார். அவ்வரிசையில் அமைந்த 'நான், மால்வோலியோ' 2010-ல் பிரைட்டன் விழாவில் அரங்கேறிற்று. நடிகர் ஒருவரே. அழுக்கேறிய உள்ளாடையோடு தோன்றிய அவரைக் கண்டதும் அவை நகைத்தது. நகைத்தோரை அவர் சினந்து கடிந்தார். அக்கடிதலே மேலும் நகைப்பை விளைத்தது. அவையோருட் சிலரை மேடைக்கு அழைத்துத் தம்மை இழிவுபடுத்தும் செயலுக்கே துணைசெய்ய வைத்தார். பின்னர் முறையான உடைகளை ஒவ்வொன்றாய் அணிந்து, மானமுள்ள காரியஸ்தனாக நிமிர்ந்து நின்றார். கவிஞர் செடிமறைவில் நிறுத்திய அவையோரை இந்நடிகர் வெளியே அழைத்துவந்து நிறுத்தினார் எனலாம்.

மால்வோலியோ குற்றமற்றவனோ எனின், அல்லன். அவன் செருக்கு அடங்கவேண்டியதே. ஆனால் செருக்குக்கு நாணம் தண்டனையாகலாம், இருட்டறை ஆகாது. நாடக இறுதியில் ஒலிவியாவே அவனுக்குப் பெருந்தீங்கு இழைக்கப்பட்டதென ஒப்புகின்றாள். அவனோ அனைவரையும் பழிவாங்குவேன் என்று கூறி வெளியேறுகின்றான். அவனைத் தொடர்ந்து சென்று அமைதிப்படுத்துமாறு கோமகன் பணிக்கின்றான். அவன் திரும்பினானா என்பதைக் கவிஞர் கூறாமலே முடித்தார். மணவிழா மகிழ்ச்சியினிடையே அவ்வொருவன் இடம் வெறுமையாய் நிற்கின்றது.

மாணவர்காள்! தேர்வுக்கென இந்நாடகத்தைப் படிக்குங்கால், மால்வோலியோவின் குணங்களை வரிசைப்படுத்தி எழுதுவதோடு நின்றுவிடுகின்றோம். நம் குணத்தையும் உடன் வைத்து ஆராய்தல் வேண்டும். விடுதிக்குப் புதிதாக வந்த ஒருவனது நடையையோ பேச்சையோ கண்டு பலர் சூழ நின்று நகைக்கும்போது, நகைப்போர் அதனை விளையாட்டென்பர். நகைக்கப்படுவோனுக்கு அது விளையாட்டன்று. கூட்டத்தின் ஓரத்தில் வாளா நின்று முறுவலிப்பவனும் செடிமறைவில் நின்றவனே.

நகைச்சுவை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நகையற்ற வாழ்வு மால்வோலியோவின் வாழ்வைப்போல வறண்டுபோம். நகைக்கப்படுவோனும் உடனிருந்து நகைத்தற்கு இடமுண்டாயின், அந்நகை நன்று. அவன் எழுந்து வெளியேறுவானாயின், நாம் நகையை நிறுத்தி, அவனைத் தொடர்ந்து சென்று அழைத்துவரவேண்டும். கோமகன் ஏவலாளரை அனுப்பினான். நாமோ நாமே செல்லுதல் நன்று.