திருமலையைச் சைக்கிளில் சுற்ற

முதல் தடவை திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, போகிறவர்கள் பலர் ஆட்டோ பிடித்துக் கோணேசர் கோயில், பிறகு வேன் பிடித்து நிலாவெளி என்று ஒரே பகலில் ஓடி முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த ஊர் பிடிபடாது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவே ஒடுங்கிய நிலம். அதன் மேல்தான் நகரம் இருக்கிறது. அலை இரையும் கரையில் சைக்கிளில் ஏறிப் பத்து நிமிடம் மிதித்தால், குளம்போல அசையாத தண்ணீருக்கு முன்னால் இறங்குவீர்கள். ஒரு பக்கம் இரைச்சல், ஒரு பக்கம் அமைதி. இந்த வித்தியாசம் வேனின் கண்ணாடிக்குள் இருப்பவருக்குக் கேட்காது.

தாய்லாந்தின் பழைய தலைநகரான சுகோதையில் பயணிகள் சைக்கிளை வாடகைக்கு எடுத்து இடிபாடுகளுக்கு நடுவே சுற்றுகிறார்கள். அங்கே பழைய நகரம் ஒரு பூங்காவாகப் பேணப்படுகிறது. திருமலையில் அப்படி வேலி போட்டுப் பிரித்த பழைமை கிடையாது. மீன் வாங்கப் போகும் வழியிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் தெருவிலும்தான் அது கிடக்கிறது. அதனால் இந்த ஊருக்குச் சைக்கிள் இன்னும் கூடப் பொருந்தும்.

கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயில் எடுத்தால் விடியும் நேரத்தில் இறங்கலாம். ஒரு இரவு விடுதிக் காசும் மிச்சம். ரயில் நேரம் மாறும் என்பதால் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சொந்தச் சைக்கிள் கொண்டுவர விரும்பினால் ரயிலில் பார்சலாகப் போடலாம். கொழும்பிலிருந்து 49ஆம் இலக்க பஸ்ஸும் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பஸ் உண்டு. இ.போ.ச. பஸ்தான் மலிவு.

வாடகைச் சைக்கிள் உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கத்து விடுதிகளில் கிடைக்கும். அங்கே தங்கினால் கடல் பக்கம். நகரத்துக்குள் தங்கினால் கோட்டை பக்கம். ஆடி, ஆவணியில் விடுதிக்காரர் விலை ஏற்றுவார்கள். வைகாசி தொடக்கத்தில் கடலும் அடங்கியிருக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். ஐப்பசிக்குப் பிறகு தை வரை மாரி மழை, அப்போது வேண்டாம். கடலோரச் சைக்கிள்களில் உப்பு ஏறியிருக்கும். எடுக்கும்போதே இரண்டு பிறேக்கையும் அழுத்திப் பாருங்கள், சங்கிலியைச் சுழற்றிப் பாருங்கள், பூட்டும் விளக்கும் கேட்டு வாங்குங்கள். விளக்கைச் சும்மா சொல்லவில்லை. இருட்டியதும் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு கறுப்பு வீதியில் கிடந்தால் முட்டும் வரை தெரியாது. கன்னியா சுடுநீர்க் கிணறுகளுக்கு ஆட்டோவில் போய்வரும் காசில் ஒரு முழு நாள் சைக்கிள் ஓடலாம், கையில் மிச்சமும் இருக்கும்.

முதல் காலையைக் கோணமலைக்குக் கொடுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பிரட்ரிக் கோட்டை வாசல் கிட்டத்தான். உள்ளே போகுமுன் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வாசல் கல்லைப் பாருங்கள். அதில் செதுக்கிய இரண்டு மீன்கள் பாண்டியரின் சின்னம். கோட்டைக் கல்லில் பாண்டியர் மீன் எப்படி வந்தது? மலையுச்சியில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். சம்பந்தர் பாடிய தலம் அந்தக் கோயில். 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782இல் ஆங்கிலேயர் ஜனவரியில் பிடிக்க, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்து நிலைத்தார்கள். ஒரு வாசலுக்கு இவ்வளவு கைமாற்றம். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி 1800இல் தங்கிய வீடும் உள்ளேதான் இருக்கிறது.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. காவலில் நிற்பவர் சொல்கிறபடி போங்கள்; முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ஆலமர நிழலில் புள்ளிமான்கள் ஆளுக்குப் பயமில்லாமல் மேயும். பிஸ்கட்டும் பிளாஸ்ரிக் பையும் கையில் இருந்தால் பைக்குள் வையுங்கள். இந்த மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன. இந்த ஊரை விரும்பி வரும் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.

கோயிலுக்குப் போகும் கடைசி ஏற்றம் செங்குத்து. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் குறைவில்லை. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. அதற்கு முன், 1950இல், நகரத்தில் கிணறு தோண்டும்போது சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. கோயில் இடிபடும் வேளையில் யாரோ அவற்றை மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் பூமி காவல் காத்தது. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்கள் கிடப்பதைக் கண்டார்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம் நின்று கீழே பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நீங்கள் பார்ப்பது கோயிலின் ஒரு பகுதிதான். மற்றது தண்ணீருக்குள் இருக்கிறது.

அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பங்குனி, சித்திரையில் அதிர்ஷ்டம் இருந்தால் படகுக்குக் காசு கொடுக்காமலே நீலத் திமிங்கிலத்தின் மூச்சுத் தெறிப்பதைப் பார்க்கலாம். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதற்கு அப்பால் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது. ஆழ்கடல் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதால்தான் திமிங்கிலமும் வருகிறது. ஐரோப்பியர் இந்தத் துறைமுகத்துக்கு அடிபட்டதற்கும் ஆழம் ஒரு காரணம்.

இறங்கும்போது பிறேக்கை விட்டுவிட்டு வராதீர்கள். கீழே பத்திரகாளி அம்மன் கோயிலில் சிற்பங்கள் நிறைந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் உட்துறைமுக வீதிக்குத் திரும்புங்கள். ஒல்லாந்தர் கால மாளிகை ஒன்றில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. காலில் இன்னும் பலம் இருந்தால் உவர்மலை ஏறுங்கள். துறைமுகத்தின் வளைவு அங்கிருந்து நன்றாகத் தெரியும். மத்தியானம் சைவக் கடையில் சோறு. வெயிலில் ஓட வேண்டாம். பின்னேரம் ஒல்லாந்தர் குடாக் கரையில் உட்கார்ந்து இறால் வடையும் கச்சானும் கொறிக்கலாம். கிழக்கில் ‘கச்சான்’ என்றால் நிலக்கடலை மட்டுமல்ல, ஆனி, ஆடியில் தரைப்பக்கமிருந்து வீசும் வறண்ட காற்றும்தான். பகலில் அது தொண்டையைக் காய வைத்துவிடும். இரண்டு போத்தல் தண்ணீர் இல்லாமல் ஊரைத் தாண்டாதீர்கள்.

இரண்டாம் நாள் விடியுமுன் எழும்புங்கள். கன்னியா வடமேற்கே 8 கிலோமீற்றர் அளவில், அநுராதபுரம் போகும் வீதியிலிருந்து விலகி இருக்கிறது. சின்னச் சின்னதாய் ஏழு கிணறுகள். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான், சுடுநீர் பீறியது என்பது கதை. இலங்கையில் எரிமலை இல்லை; மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறித் திரும்பி வருகிறது என்பது புவியியல். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும், கையை விட்டுப் பாருங்கள். தாய் தகப்பனை இழந்தவர்கள் அந்தியேட்டி செய்யவும் ஆடி அமாவாசைக்கும் இங்கே வருகிறார்கள். பக்கத்தில் ஒருவர் ஈரத் துணியோடு அழுதுகொண்டிருக்கக்கூடும். சவர்க்காரம் போடாமல், சத்தம் போடாமல் நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு ஒதுங்குங்கள். மிதித்து வந்த காலுக்கு அந்தச் சுடுநீர் தரும் சுகத்தை ஆட்டோவில் வந்தவர் அறியமாட்டார்.

நேரமும் தெம்பும் இருந்தால் மேலும் வடமேற்கே, பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை வரை போகலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் தவற விடக்கூடாத இடம். சோழர் ஆட்சியில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கும் பசுவும் கொடுத்த செய்தியைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழர் பௌத்தப் பள்ளிக்குக் கொடை கொடுத்த காலம் ஒன்று இருந்ததற்கு இந்த ஊர் எழுத்தில் சாட்சி வைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளை இங்கே கூட்டி வரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். பாதை ஆளரவம் குறைந்தது. ஒரு முறை இந்தப் பக்கம் எனக்குக் காற்றுப் போய், ஒட்டுப்போடும் கடை தேடி வெகுதூரம் தள்ளினேன். பம்பும் ஒட்டும் கையில் இருக்கட்டும், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள் நிலாவெளி. வீதி பெரும்பாலும் சமதரை, 15 கிலோமீற்றருக்குள் முடியும். போகும் வழியில் உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறை இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. கல்லறைக் கற்களில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் கால் தானாக நின்றுவிடும், அத்தனை பேரும் இளம் பிள்ளைகள். சாம்பல்தீவுப் பாலத்தில் ஒரு முறை இறங்கிக் களப்பைப் பாருங்கள். நிலாவெளியில் குளியுங்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. புறாத்தீவுக்கு நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் சேர்ந்தால் சின்னச் செலவல்ல. ஆள் சேர்த்துப் பங்கு போட்டுப் போங்கள். அங்கே பவளப்பாறையில் கால் வைக்காதீர்கள்.

சைக்கிளைக் கடற்கரை மணலில் உருட்டியிருந்தால், திருப்பிக் கொடுக்குமுன் கிணற்றுத் தண்ணீரால் சங்கிலியைக் கழுவி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள்.