நடவு ஆட்களிடம் நேர்த்தியான வேலையை எதிர்பார்ப்பது எப்படி?

திருந்திய நெல் சாகுபடியில் இறங்குவோர் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "நாம் சொல்வது ஒன்று, நடவு ஆட்கள் செய்வது வேறு." குறை ஆட்களிடம் மட்டும்தானா?

"பார்த்து நடுங்கம்மா" என்று வரப்பில் நின்றபடி கூறிவிட்டுப் போய்விடுகிறோம். இதில் அளவு எங்கே இருக்கிறது? குத்துக்கு ஒரு நாற்று. 14 நாள் வயது. வரிசைக்கு வரிசை, குத்துக்குக் குத்து 25 செ.மீ.; பாயிலிருந்து பிரித்த அரை மணிக்குள் வேர் மண்ணோடு மேலாக நடவேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் நேர்த்தியை எதிர்பார்ப்பது நியாயமன்று. சதுர மீட்டருக்கு 16 குத்துகளே இருப்பதால் ஒவ்வொரு நாற்றும் கணக்கில் வருகிறது. வரிசை கோணினால் களைக்கருவி பயிரை மிதித்துவிடும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த கை தானாகவே அளவு பார்க்கும்.

விளையாட்டுத் துறையிலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். அமெரிக்காவில் ஜான் உட்டன் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக அணி அவரிடம் பயின்று, 1964 முதல் 1975 வரை 10 முறை தேசியப் பட்டம் பெற்றது. பேர்பெற்ற ஆட்டக்காரர்களுக்கும் அவர் முதல் நாள் கற்பித்தது, கொப்புளம் வராமல் காலுறை அணிவது! அவருடைய பயிற்சியை 1974-75இல் உளவியலாளர் இருவர் அருகிலிருந்து குறிப்பெடுத்தனர். அவர் பேசியதில் பாதி, 'இதை இப்படிச் செய்' என்ற நேரடி விளக்கமே. பாராட்டும் கடிந்துரையும் சொற்பம். தவறைக் கண்டால் சரியான முறையைச் செய்து காட்டுவார்; ஆட்டக்காரர் செய்த விதத்தையும் காட்டுவார்; மறுபடியும் சரியான முறையைக் காட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும்.

நடவு வயலிலும் இது செல்லும். முதல் இரண்டு வரிசையை நீங்களே இறங்கி நடுங்கள். முதல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிறகு குழுத் தலைவியிடம் பொறுப்பை விட்டு ஒதுங்கிக் கொள்ளலாம். நாள் முழுதும் பின்னால் நின்று கண்காணித்தால் நம்பிக்கையில்லை என்றே பொருளாகும். "இதுகளுக்கு எங்கே வரப்போகுது" என்று வரப்பில் முணுமுணுப்பதும் அவர்கள் காதில் விழத்தான் செய்கிறது.

கூலியும் பேசும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசிவிட்டு நிதானமாக நடச் சொன்னால் எது எடுபடும்? பழகும் வரை, முதல் பருவத்திலாவது, நாள் கூலியே நல்லது. இதில் கஞ்சத்தனம் பார்ப்போர் பின்னர் வருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

டெல்டாப் பகுதியில் ஒரு நடவின்போது நான் உடனிருந்தேன். முப்பது ஆண்டுகளாக நடவு நடும் மூத்த பெண்மணி ஒருவர், "ஒத்த நாத்தா? செத்துப் போனா எங்களத்தானே ஏசுவீங்க?" என்று கேட்டார். மூன்று நான்கு நாற்றாகச் சேர்த்து நட்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது சோம்பல் அன்று, ஏச்சுக்குப் பயந்த முன்யோசனை. அந்த விவசாயி, "செத்தா என் பொறுப்புக்கா. பாடுவாசி நட ஓரத்தில் நாற்று விட்டு வைத்திருக்கிறேன். நீங்க ஒண்ணொண்ணா நடுங்க" என்றார். அதன்பின் மறுபேச்சில்லை.

நடவு முடிந்து நாற்பதாம் நாள் அந்த அம்மாவை அழைத்து வயலைக் காட்டினார். ஒரு குத்தைப் பிடித்துத் தூர்களை எண்ணியவர் முப்பதைத் தாண்டியதும் நிறுத்திக் கொண்டார். பிறகு வடக்கு ஓரத்தைக் கைகாட்டி, "அந்தக் கோணல் வரிசை யாரு போட்டது?" என்று கேட்டார். அது விவசாயி தாமே நட்ட வரிசை.