முழங்காலை மாற்றுமுன் மூன்று மாதம்



நான் மருத்துவன் அல்ல. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமா முடித்து, மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா பணிமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவன். ஓய்வு பெற்றபின் செம்பூரில் குடியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் மூட்டுவலியைப் பற்றி எழுதக் காரணம், சென்ற வருடம் என் வீட்டில் நான் செய்த ஒரு தவறு. நம் குடும்பங்களில் இன்னொருவர் அதைச் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் நடந்தது

என் மனைவிக்கு 61 வயது. நாலைந்து வருடங்களாகவே முழங்கால் வலி உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், ஸ்டேஷன் பாலத்தின் பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இனிமே நீ படியே ஏற வேண்டாம். மார்க்கெட்டுக்கு நான் போறேன். நீ உக்காரு" என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்தேன். தேய்ந்த பாகத்தை ஓட்டினால் மேலும் தேயும் என்பது என் கணக்கு. மூன்று மாதத்தில் அவள் எடை நாலு கிலோ கூடி 78 ஆயிற்று. தொடை வலுவிழந்தது. வலியும் கூடியது.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த பத்தாவது நிமிடம், "இரண்டு முழங்காலையும் மாற்றிவிடலாம். ஒரே சமயத்தில் செய்தால் சலுகை உண்டு. அடுத்த வாரமே தேதி தருகிறோம்" என்றார்கள். அவளை நடந்து காட்டச் சொல்லவில்லை. முழங்காலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. எனக்கோ அது நியாயமாகவே பட்டது. பணிமனையில் பேரிங் போனால் மாற்றுவோம், அவ்வளவுதானே என்று முன்பணம் கட்ட எழுந்தேன்.

நிறுத்தியது அவள்தான். "என்னங்க, மாத்தினதுக்கு அப்புறம் தரையில சம்மணம் போட்டு உக்கார முடியுமா? செட்டா நகர் முருகன் கோயில் படி ஏற முடியுமா? அதைக் கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை.

வீடு திரும்பினோம். மகள் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். பழைய பழக்கத்தில், பராமரிப்புக் கையேட்டைப் படிப்பதுபோல் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். அதில் கற்றதைப் பாடமாகக் கீழே தருகிறேன்.

முதல் பாடம்: மூட்டு வெறும் பேரிங் அல்ல

எலும்புகளின் முனையில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்துதான் அதற்கு உணவு. நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, எடுக்கும்போது விரிகிறது. பஞ்சைப் பிழிந்து நீரில் விட்டாற்போல இந்த அழுத்தமும் தளர்வும்தான் நீரை உள்ளும் புறமும் அனுப்புகின்றன. ஓடாமல் யார்டில் நிறுத்திய வண்டிக்கு நேருவதுதான் உட்கார்ந்தே இருக்கும் முழங்காலுக்கும் நேருகிறது. அத்துடன், மூட்டுக்கு அதிர்வு தாங்கியாக இருப்பது முன்தொடைத் தசை. அது மெலிந்தால் அதிர்ச்சி நேரே மூட்டில் இறங்குகிறது. ஓய்வு கொடுப்பதாக நினைத்து நான் செய்தது இதைத்தான்.

சுமை எவ்வளவு என்பதையும் அளந்திருக்கிறார்கள். பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. ஏறுவதைவிட இறங்குவது ஏன் அதிகம் வலிக்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இரண்டாம் பாடம்: படம் வேறு, வலி வேறு

அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில், எக்ஸ்ரேயில் எந்தத் தேய்வும் தெரியாத, 50 வயதைத் தாண்டிய 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி, 100-க்கு 89 பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு படத்தில் இருந்தது. வலி உள்ளவர்களிடமும் இருந்தது, வலியே இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ஆகவே படத்தில் தேய்வு தெரிகிறது என்பதால் மட்டும் அறுவை சிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. வலி எவ்வளவு, நடை எவ்வளவு, தூக்கம் எவ்வளவு என்று மனிதரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: எது உதவுகிறது

முதலாவது, உடற்பயிற்சி. டென்மார்க்கில், மூட்டு மாற்றுக்குத் தகுதியானவர்கள் என்று முடிவான 100 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை செய்து, பின்னர் 12 வாரம் பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து முதலியன கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு அறுவை இல்லாமல் மற்றவை மட்டும். 2015-இல் முடிவு வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது உண்மை. ஆனால் கடுமையான பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். மறு பிரிவிலும் பெரும்பாலோர் தேறினார்கள். அந்த 50 பேரில் ஒரு வருடத்திற்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான்.

நம் பக்கத்திலும் ஆய்வு உண்டு. பெங்களூரில் 250 நோயாளிகளை வைத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பயிற்சியைவிட யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் கலந்த முறை வலியை அதிகம் குறைத்தது.

இரண்டாவது, எடை. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமை நாலு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-இல் கணக்கிட்டது. நாலு கிலோ குறைத்தவர் ஒரு நாளில் 3000 அடி நடந்தால், ஒவ்வொரு முழங்காலுக்கும் 1500 அடி. அடிக்கு 16 கிலோ வீதம் 24 டன் சுமை மிச்சம்! உடல் மிகப் பருத்தவர்களுக்கு எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி போட்டு, 407 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வந்தது. அதிலும் எடையுடன் வலியும் நன்றாகவே குறைந்தது. ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே போடவேண்டிய மருந்து.

மூன்றாவது, மருந்து. முழங்காலுக்கு டைக்ளோபினாக் போன்ற மேற்பூச்சுக் களிம்பே முதலில் பரிந்துரைக்கப்படுவது. வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ரத்த அழுத்தமும் ஏறும். ஆயுர்வேதத்தைக் கேட்பவர்கள் உண்டு. புனே மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் 440 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுக்கு, சீந்தில், நெல்லிக்காய் முதலியவற்றாலான மருந்துகள் அலோபதி மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்தன. ஆனால் சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஒன்று உயர்ந்தது. மூலிகை என்பதால் தீங்கே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

நாலாம் பாடம்: எதற்குப் பணத்தை வீணாக்க வேண்டாம்

முழங்காலில் துளையிட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 180 பேரில் சிலருக்கு அதை உண்மையாகவும், சிலருக்குத் தோலை மட்டும் கீறிப் பொய்யாகவும் செய்தார்கள். 2002-இல் வந்த முடிவு: இரு சாராருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை 1583 பேரிடம் சோதித்தார்கள். 2006-இல் வந்த முடிவில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 100-க்கு 60 பேர் வலி குறைந்தது என்றார்கள். மொத்தத்தில் உண்மை மாத்திரை அதைவிடக் குறிப்பிடும்படி நன்றாக இல்லை. ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டுப் பார்த்தபோது வலி போலி ஊசியைவிடக் குறையவில்லை. குருத்தெலும்புதான் அதிகம் தேய்ந்தது. இது 2017-இல் வந்த முடிவு. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. முறையை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். 2021-இல் வந்த அந்த முடிவிலும் அது உப்பு நீரைவிட மேலானதாக இல்லை.

ஐந்தாம் பாடம்: அறுவை சிகிச்சை எதிரி அல்ல

இதையெல்லாம் படித்துவிட்டு அறுவையே கூடாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இன்றைய முழங்கால் மாற்று முறைக்கு அடித்தளம் 1974-இல் நியூயார்க்கில் போடப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் நம் நாட்டைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத் ஒருவர். அவர்தான் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் ஒரு முழங்காலையும், 2001 ஜூனில் மற்றொன்றையும் மாற்றினார். அன்று பணிமனையில் டீ நேரத்தில் இதே பேச்சுதான். மாற்றிய முழங்கால்களில் 100-க்கு 82 வரை 25 ஆண்டுகள் நீடிப்பதாக 2019-இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு கூறியது. செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் மனைவிக்குக் கால் வில்லாக வளைந்து, இரவில் தூக்கமே இல்லாமல் போயிற்று. பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்து பார்த்தும் பலனில்லை. பயத்தினால் மூன்று வருடம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் அறுவை செய்துகொண்டார்கள். "அண்ணே, முன்னாலயே செஞ்சிருக்கலாம். மூணு வருஷம் வீணாப் போச்சு" என்று அந்த மதினி என்னிடம் சொன்னதையும் இங்கே எழுதாமல் இருப்பது நேர்மை ஆகாது. மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்குப் பாதி மூட்டை மட்டும் மாற்றுவதும், கால் எலும்பை வெட்டி நேராக்குவதும் இடைப்பட்ட வழிகள். மருத்துவரிடம் கேட்கலாம். மாற்றிய பிறகு பெரும்பாலும் சம்மணமிடுவதையும் குந்துவதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதை முன்னமே தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் செய்தது

மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். சயான், பரேல் கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் பைகுல்லா ரயில்வே மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். எங்களுக்கு வாய்த்த மராட்டியப் பெண் பொறுமைசாலி. முதலில் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தது அந்தப் பெண்தான்.

1. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை நிறுத்தவேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை.

2. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறு காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி இறக்கவேண்டும். பத்து முறை.

3. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவேண்டும். முதலில் ஐந்து முறை, பிறகு பதினைந்து வரை.

4. சமதரையில் தினமும் நடை. முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி.

பயிற்சியின்போது சிறிது வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். கைத்தடியை என் மனைவி வலிக்கும் காலின் பக்கமே பிடித்திருந்தாள். எதிர்க் கையில் பிடித்தால்தான் சுமை குறையும் என்று மாற்றினார்கள். படிக்கும் ஒரு விதி சொன்னார்கள்: "மாவ்ஷி, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்." வீட்டில் ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, காய்கறியைக் கூட்டினோம். மாலை வடையையும் சர்க்கரை போட்ட காப்பியையும் நானும் சேர்ந்தே விட்டேன். இல்லாவிட்டால் நடக்காது.

முதல் மூன்று வாரம் ஒரு பலனும் தெரியவில்லை. "இதுக்கு ஆபரேஷனே பண்ணிக்கலாம்" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். ஆறாவது வாரத்தில் காலையில் இருக்கும் விறைப்பு குறைந்தது. மூன்று மாதத்தில் எடை 78-லிருந்து 74. பத்துக்கு ஏழாக இருந்த வலி மூன்று. வலி அடியோடு போய்விடவில்லை, போகும் என்று யாரும் வாக்குத் தரவும் இல்லை. பின்னாளில் அறுவை தேவைப்படலாம். அப்போது தயங்க மாட்டோம். பலமான தொடையுடன் போவது அதற்கும் நல்லதுதான்.

ஆகவே, வலிக்கும் மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். அது வேறு நோய். அப்படி இல்லாதபோது, மாற்றவேண்டும் என்று சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பயிற்சியும் எடைக் குறைப்பும் மூன்று மாதம் செய்து பார்த்தால் நஷ்டம் உண்டா? எனக்கு என்ன பயன், என்ன ஆபத்து? பிறகு நான் என்னவெல்லாம் செய்ய முடியாது? நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வருடத் தைப்பூசத்தன்று செட்டா நகர் கோயில் படிகளை அவள் ஏறினாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கைத்தடி சரியான கையில் இருந்தது. முன்பணம் கட்ட எழுந்தவன் நான் பின்னால் ஏறினேன்.