ஓடுவதும் ஓட்டுவதும்

வேலப்பன்சாவடி

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'ரன்' என்றால் ஓடு என்று சின்ன வகுப்பிலேயே படித்தாகிவிட்டது, அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறதே, அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா சித்தப்பா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா.

நீ மலைத்துப்போனதில் நியாயம் இருக்கிறது. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைக்குத்தான். சுமார் 430 பொருள். அடுத்த திருத்தத்தில் 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றில் நிறைய உனக்கு ஏற்கெனவே தெரியும். தமிழ் வழியாகத் தெரியும்.

எங்கள் சந்திப்பில் வந்து நின்று பார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஓடுகிறது. திருவேற்காட்டுப் பக்கம் கூவம் ஓடுகிறது. ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய வேனின் இன்ஜின் ஓடுகிறது. மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரன்னிங்லதான் சார் சத்தம் வருது, ஐடிலிங்ல இல்ல" என்கிறார். சினிமாவும் ஓடுகிறது. 1944-ல் வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போட்டால் சரியாகவே இருக்கும். நிற்காமல் ஒரு வழியே போய்க்கொண்டிருப்பது என்பதுதான் இரண்டு சொல்லுக்கும் அடிமனை. காலால் ஓடுவது அதில் ஒரு வகை.

பழைய ஆங்கிலத்தில் இந்த 'ரன்'னுக்கு 'ரின்னன்', 'இர்னன்' என்று இரண்டு வடிவம் இருந்தன. ஆள் ஓடினாலும் தண்ணீர் வழிந்தாலும் அதே சொல். அதனால் மூக்கு ஒழுகுவதற்கும் துணியில் சாயம் இறங்குவதற்கும் 'ரன்' என்று சொல்வதைப் புதுசாக ஒட்டவைத்த பொருள் என்று நினைக்காதே. அந்த ஈரம் வேரிலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் நீர் வழிவதற்கு 'ரின்னன்'தான்.

இப்போது உன்னைக் குழப்பிய வாக்கியத்துக்கு வருகிறேன். பஸ் ஓடினாலும் 'ரன்', மாநகர் போக்குவரத்துக் கழகம் பஸ்ஸை ஓட்டினாலும் 'ரன்'. இது எப்படி என்று கேட்டிருந்தாய். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. தமிழில் தன்வினை ஓடு, பிறவினை ஓட்டு. சொல்லின் உடம்பிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. ஆடு, ஆட்டு, திரும்பு, திருப்பு, நட, நடத்து. ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் இப்படித்தான். ஓடுவதற்கு 'இர்னன்', ஓட்டுவதற்கு 'ஆர்னன்' என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். காலப்போக்கில் இரண்டாவது சொல் வழக்கொழிந்தது. அதன் வேலையும் முதல் சொல்லின் தலையில் விழுந்தது. ஆகவே 'ரன்'னைப் பார்த்ததும் அடுத்து எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் கண்ணை ஓட்டு. செயப்படுபொருள் இல்லையென்றால் பெரும்பாலும் ஓடு. இருந்தால் ஓட்டு, அல்லது நடத்து. கடையை 'ரன்' பண்ணுகிறார் என்றால் நடத்துகிறார். உன் அம்மா சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறாரே, அதுவும் 'ரன்'தான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. அவற்றை மட்டும் நோட்டில் எழுதி வை. காய்ச்சல் நமக்கு அடிக்கிறது, ஆங்கிலேயருக்கு 'ரன்'. சிலிண்டர் தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. கிரிக்கெட்டில் விக்கெட் போவதும் அதே 'ரன் அவுட்'தான், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. எதிர்பாராமல் யாரையாவது பார்த்தால் 'ரன் இன்டு'. முட்டி மோதினாலும் அதேதான், இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தேர்தல் விஷயம் சுவையானது. அமெரிக்கர் தேர்தலில் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார். நம் வேட்பாளரும் நிற்கிறவர்தான். நீ பரீட்சையில் 'ஸ்டாண்ட்' என்றே எழுதலாம்.

தன்வினை பிறவினை என்று சொன்னேனே, ஆங்கிலத்தில் அந்த ஜோடி முழுக்க அழிந்துவிடவில்லை. 'ஃபால்' என்றால் வீழ், 'ஃபெல்' என்றால் மரத்தை வீழ்த்து. 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'லை' கிட, 'லே' கிடத்து. இந்தக் கடைசி ஜோடியில்தான் ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள், ஏனென்றால் 'லை'யின் இறந்தகாலமும் 'லே'தான். "புத்தகம் நேற்று மேஜைமேல் கிடந்தது", "புத்தகத்தை நேற்று மேஜைமேல் கிடத்தினேன்" என்ற இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பு. அகராதியைப் பார்க்காமல் எழுது. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா